50 பார் யாருக்குப் போதும்?

கடலுக்கு அடியில் போய்விட்டுப் படகேறியதும் எல்லாரும் மீனைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று ஸ்கூபா பக்கம் வராதவர்கள் நினைக்கலாம். மீன் பேச்சு இரண்டாவதுதான். முகக்கண்ணாடியைக் கழற்றியதுமே வருகிற முதல் கேள்வி, "உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?" சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தை பார் என்ற அலகில் காட்டும் கேஜைத் திருப்பிப் பார்த்து, 40 என்பவர் மெதுவாகச் சொல்வார். 90 என்பவர் யாரும் கேட்காமலே இரண்டு முறை சொல்வார். நான் ஐந்தடிக்குச் சற்று மேல், எடையும் குறைவு, அவசரமாகக் காலடிக்கிற பழக்கமும் கிடையாது. அதனால் குழுவிலேயே அதிகக் காற்றோடு திரும்புகிறவள் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். "அக்காவுக்குச் செவுள் இருக்கு" என்று பாண்டிச்சேரிப் படகில் கைடு தம்பிகள் கிண்டல் செய்வார்கள். பாராட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்தும். மிச்சம் பிடித்த 90 பாரை நான் வீட்டுக்கா எடுத்துப்போகப் போகிறேன்? சிலிண்டர் கரைக்குப் போனதும் கம்ப்ரஸரில் மாட்டி, இருப்பதற்கு மேலேயே மறுபடி 200 வரை நிரப்பிவிடுவார்கள். காற்று மிச்சம் என்பதற்காக யாரும் காசைத் திருப்பித் தருவதில்லை.

இந்த உறுத்தல் என்ன என்று எனக்கே ரொம்ப நாள் பிடிபடவில்லை. பொறாமைப்படுகிற ஆண்களைப் பார்த்து வருகிற எரிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் விஷயம் அதைவிடப் பெரிது என்று பிறகு தெரிந்தது. எவ்வளவு மிச்சம் என்பதை எல்லாரும் கேட்கிறோம். எவ்வளவு மிச்சம் இருந்திருக்க வேண்டும், அது யாருக்காக, என்று யாரும் கேட்பதில்லை. டைவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை டைவ் முடிந்த பிறகு பெருமைக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மிச்சம் பிடிக்கும் வித்தை

காற்றுச் செலவைக் குறைப்பது வீண்வேலை என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரின் உள்ளளவு 11.1 லிட்டர். 200 பாருக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,220 லிட்டர் காற்று. தரையில் நான் நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுகிறேன் என்றால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாவதால் 30 லிட்டர் செலவாகும். 20 மீட்டரில் 45. 30 மீட்டரில் 60. தரையில் இரண்டரை மணி நேரம் வரக்கூடிய அதே சிலிண்டர் 30 மீட்டரில் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாலும் 37 நிமிடம்தான். இதில் நம் திறமைக்கு எந்த இடமும் இல்லை, அழுத்தம் பார்த்துக்கொள்கிறது. திறமைக்கு இடம் இருப்பது அந்த 15 என்ற எண்ணில். பதற்றத்தோடு எதிர்நீரோட்டத்தில் நீந்துகிறவருக்கு அது 30-ஐத் தாண்டிவிடும்.

அந்த எண்ணைக் குறைக்க எல்லாரும் நுரையீரலிலேயே கைவைக்கிறார்கள். ஒரு மூச்சை இழுத்து, மனதுக்குள் எண்ணிக்கொண்டே அடக்கிவைத்து, அப்புறம் விடுவது. இதை யாரோ யோகா பயிற்சி மாதிரி பரப்பிவிட்டிருக்கிறார்கள். உடம்பில் கரியமில வாயு தேங்கும், மேலே வந்ததும் தலைவலி பிடுங்கும், தேங்கிய வாயு அதிகமானால் கீழேயே பதற்றமும் மூச்சுவாங்கலும் வந்து, சேர்த்துவைத்ததை எல்லாம் இரண்டே நிமிடத்தில் செலவழிக்க வைக்கும். மூச்சை அடக்கிய நிலையில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் நுரையீரலுக்கே ஆபத்து. படகின் பின்பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு "வெயில்தான் காரணம்" என்று சொல்லும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு வெயில் மேல் சந்தேகம் வருவதில்லை.

உண்மையில் காற்றைத் தின்பது ஈயம். புதிதாக வருகிறவர் முங்காமல் தத்தளிப்பார் என்று பெல்டில் இரண்டு கிலோ கூடுதலாகக் கோர்த்துவிடுவார்கள். அந்தக் கூடுதல் ஈயத்தைத் தாங்க அவர் மிதப்பதற்கான ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவார். மேல்பாதி மிதக்கும், இடுப்பும் காலும் தொங்கும். உடம்பு சாய்ந்தபடி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் காலை வேகமாக அடிப்பார், மூச்சு வாங்கும். இவரிடம் போய் "நிதானமா மூச்சு விடுங்க சார்" என்றால் என்ன பயன்? பெல்டிலிருந்து இரண்டு கிலோவைக் கழற்றினால் அவரே நிதானமாகிவிடுவார். ஒரு சங்கதி உண்டு: முழுச் சிலிண்டரில் இருக்கும் காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல். டைவின் முடிவில் அதில் இரண்டு கிலோ போய்விட்டிருக்கும், சிலிண்டர் அவ்வளவு இலேசாகியிருக்கும். அதனால் ஈயம் சரியா என்று பார்க்க வேண்டியது தொடக்கத்தில் அல்ல, கடைசியில். சிலிண்டர் ஏறக்குறைய காலியான நிலையில், ஜாக்கெட்டிலும் காற்று இல்லாமல், 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிந்தால் ஈயம் சரி. இதைச் செய்து பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இன்னொரு வித்தையும் உண்டு, அது கைடுகளுடையது. குழுவில் ஒருவருக்குக் காற்று வேகமாகத் தீர்கிறது. அவருக்காக எல்லாரையும் மேலே கூட்டிப்போனால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் கைடு தன்னுடைய ஆக்டோபஸை, அதாவது சிலிண்டரிலிருந்து நீளும் இரண்டாவது வாய்க்குழாயை, அவர் வாயில் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் சுற்றிக்காட்டுவார். எல்லாருக்கும் திருப்தி. அந்த ஆக்டோபஸ் எதற்காக இருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் மறந்துவிடும். ஆபத்துக்கு வைத்த காற்றை வேடிக்கைக்குச் செலவழிப்பது கருணையா, கவனக்குறைவா? நான் இரண்டாவது என்பேன். கைடுகளைக் குறை சொல்லியும் பயனில்லை. மேலே வந்ததும் "45 நிமிஷம்னு சொன்னீங்க, 38-தான் ஆச்சு" என்று கணக்குக் கேட்பது நாம்தானே.

ஹேவ்லாக்கில் நடந்தது

அந்தமானில் இருக்கும் இந்தத் தீவுக்கு அரசாங்கம் 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டது, ஆனால் படகில் எல்லாரும் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். தீவிலிருந்து ரொம்ப நேரம் படகில் போய்ச் சேரும் ஒரு ஆழ்கடல் பாறை. கைடு போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், நல்ல தேர்ச்சி. டைவுக்கு முன்னால் அவன் சொன்னது நாங்கள் எல்லா இடத்திலும் கேட்பதுதான்: "அதிகபட்சம் 30 மீட்டர். 100 வந்தா எனக்குக் காட்டுங்க. 50-ல மேல வந்துடலாம்." எனக்கு ஜோடியாகக் கிடைத்தவர் கோயம்புத்தூர்க்காரர், அன்று காலைதான் அறிமுகம். ஆள் அமைதி, நீச்சலும் சுத்தம். இன்னும் இரண்டு பேர் கைடோடு.

பாறையின் மறுபக்கம், 28 மீட்டரில், அவருடைய ரெகுலேட்டர் திடீரென்று கொட்ட ஆரம்பித்தது. மூச்சு இழுத்தால்தான் காற்று தர வேண்டிய கருவி, இழுக்காமலே குழாயைத் திறந்துவிட்டதுபோல் சீறிக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த கருவி. உள்ளே மணல் புகுந்ததோ, தேய்ந்துபோன ஏதாவது பாகமோ. அவர் தவறு ஒன்றுமில்லை. அந்த ஆழத்தில் இப்படிக் கொட்டினால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலி. குமிழிகளுக்கு நடுவே அவர் முகமே தெரியவில்லை, நீண்ட கை மட்டும் தெரிந்தது. என் ஆக்டோபஸைக் கொடுத்தேன், அவர் ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பிடித்த பிடியில் பிறகு இரண்டு நாள் கையில் தடம் இருந்தது. கைடு பாறையைச் சுற்றி வந்து எங்களைப் பார்த்தபோது நாங்கள் 20 மீட்டருக்கு வந்துவிட்டோம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறட்டும் என்று வழக்கமாக நிற்பதுபோல் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடமும் அவர் விட்ட மூச்சின் வேகத்தை என் கேஜிலேயே பார்க்க முடிந்தது, முள் கண்ணெதிரே இறங்கியது. அவருக்கு ஆக்டோபஸைக் கொடுத்தபோது எனக்கு 120 பார் இருந்தது. மேலே வந்தபோது 30.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகில் டீ கொடுத்தார்கள், கோயம்புத்தூர்க்காரர் நாலைந்து முறை நன்றி சொன்னார், நடுவில் ஒருமுறை அழுதுவிட்டார். அப்போது கைடு தம்பி சொன்னான்: "நல்ல வேளை, அக்காகிட்ட ஏர் இருந்துச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்த 'நல்ல வேளை'தான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. என்னிடம் 120 இருந்ததற்குக் காரணம் எந்தத் திட்டமும் இல்லை. நான் சின்ன உடம்புக்காரி, டைவின் நடுப்பகுதியில் அது நடந்தது, அவ்வளவுதான். இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து நடந்திருந்தால் எனக்கும் 60-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். எனக்குப் பதில் அவரைப் போலவே மூச்சு விடுகிற இன்னொருவர் ஜோடியாக இருந்திருந்தால் இன்னும் முன்பே 60. 28 மீட்டரில் 60 பாரோடு இருப்பது அன்றைய திட்டப்படி எந்த விதத்திலும் தவறில்லை. 50 வரை இருக்கலாம் என்றுதானே சொல்லியிருந்தான்? விதியை மீறி யாராவது மாட்டிக்கொண்டால் அது வேறு கதை. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளக்கூடிய விதி என்றால் அது என்ன விதி?

நோட்டில் போட்ட கணக்கு

விடுதி அறையில் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை, தொழில்முறை டைவர்களும் குகை டைவர்களும் தினமும் போடுவதுதான். நாம்தான் பயிற்சி வகுப்போடு மறந்துவிடுகிறோம். எளிதாக இருக்கட்டும் என்று ஆழம் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். பதறிய நிலையில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இரண்டு பேருக்கு 60. ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டு பேரும் மூச்சுவிட்டு மேலே வர வேண்டும்.

முதலில் கீழேயே ஒரு நிமிடம் போகும். ஆக்டோபஸைக் கொடுக்க, பிடித்துக்கொள்ள, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்ட. அங்கே அழுத்தம் 4 பார், ஆக 240 லிட்டர். அப்புறம் நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய மூன்று நிமிடம். வழியில் சராசரி அழுத்தம் 2.75 பார், அதற்கு 495 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப்புக்கு 270. அங்கிருந்து மேலே வர 75. கூட்டினால் 1,080 லிட்டர். 11.1-ஆல் வகுத்தேன். 97 பார்.

இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு இரக்கமில்லாமல் சேஃப்டி ஸ்டாப்பை வெட்டிப் பார்த்தேன். ஆபத்து என்றால் அதை விட்டுவிட்டு நேராக மேலே போகலாம், அது உண்மைதான். அப்போதும் 810 லிட்டர், 73 பார். அதாவது எதையும் விட்டுக்கொடுத்து, எங்கும் நிற்காமல், எதுவும் சிக்காமல் வந்தால்கூட 30 மீட்டரில் 50 பார் இரண்டு பேருக்குப் பற்றாது. ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 18 மீட்டருக்கு 64 பார் வந்தது. 12 மீட்டருக்கு 53. அப்போதுதான் புரிந்தது. 50 பார் என்பது பொய்யான எண் இல்லை. அது 12 மீட்டருக்கான எண். பயிற்சி வகுப்பில் பவளப்பாறை ஓரம் 12 மீட்டரில் கற்றுக்கொண்ட எண்ணை அப்படியே 30 மீட்டருக்கும் சுமந்து போகிறோம். சிலிண்டர் மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்பது வேறு. 15 லிட்டர் சிலிண்டர் என்றால் அதே 1,080 லிட்டருக்கு 72 பார் போதும். கேஜ் பாரில் காட்டுகிறது, நுரையீரல் லிட்டரில் கேட்கிறது.

இதைவிட எரிச்சலான ஒரு தற்செயல் அந்த நோட்டில் கிடைத்தது. நான் படித்த அட்டவணைப்படி, நைட்ரஜன் கணக்கில் வழியில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வர 30 மீட்டரில் அதிகபட்சம் 20 நிமிடம் இருக்கலாம். சராசரி டைவர் ஒருவர் தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் அங்கே 80 லிட்டர். 20 நிமிடத்துக்கு 1,600 லிட்டர், அதாவது 144 பார். 200-இல் 144 போனால் 56. பார்த்தீர்களா? அட்டவணையில் நேரம் தீரும் அதே சமயத்தில் கேஜ் 50-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்துவதால் திட்டம் சரியாக இருப்பதுபோல் ஒரு மயக்கம். 100 பாரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதே ஆளுக்குக் கீழே செலவழிக்க 1,110 லிட்டர்தான் உண்டு, 14 நிமிடம்கூட வராது. ஆக்ஸிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த கலவையான நைட்ராக்ஸ் எடுத்தால் நைட்ரஜன் கணக்கில் நேரம் கூடும், சிலிண்டரில் ஒரு லிட்டரும் கூடாது. நைட்ராக்ஸ் எடுத்தவர்கள்தான் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

50-க்கு முன்னால்

1943-இல் கூஸ்தோவும் காக்னானும் பிரான்சில் இன்றைய ஸ்கூபா கருவிக்கு முன்னோடியான முதல் ஆக்வாலங்கைச் செய்து நீந்திக் காட்டிய பிறகு ரொம்ப காலத்துக்கு டைவர்களிடம் இந்தக் கேஜே பழக்கத்தில் இல்லை. சிலிண்டரின் வால்வில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அழுத்தம் குறைந்ததும் மூச்சு இழுக்கக் கடினமாகும். அப்போது முதுகுப்பக்கம் தொங்கும் கம்பியை இழுத்தால் ஸ்பிரிங் விலகி, தடுத்துவைத்த கொஞ்சம் காற்று வரும். கம்பியை இழுத்தாயிற்றா, மேலே கிளம்பு. பாறையில் உரசிக் கம்பி ஏற்கெனவே இழுபட்டிருந்தால் அந்த மிச்சம் எப்போதோ போயிருக்கும், ஆளுக்குத் தெரியாது. கேஜ் வந்தது பெரிய விடுதலைதான். ஆனால் மனசு இன்னும் அந்தக் கம்பியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 50 வந்தால் கிளம்பு. தனி ஆளுக்கான விதி அது. கூட ஒருவர் இருக்கிறார் என்பது அதில் எங்குமே இல்லை.

கூட இருப்பவரைக் கணக்கில் சேர்த்தவர்கள் குகைக்குள் போனவர்கள். தலைக்கு மேல் பாறை இருக்கும்போது நினைத்தபடி மேலே வர முடியாது. புளோரிடாவின் நீர்க்குகைகளில் செத்துப்போனவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக அலசிய ஷெக் எக்ஸ்லி போன்றவர்கள் வலியுறுத்தியது மூன்றில் ஒரு பங்கு விதி. ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு கூட வந்தவருக்கு. சிலிண்டர் என் முதுகில் இருந்தாலும் அதில் ஒரு பங்கு என்னுடையது இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மன்னார் வளைகுடாதான் நினைவுக்கு வந்தது. 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குகிறவர் கீழே இருக்கும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர், அசைவு தெரிந்ததும் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தன் அக்கா தங்கையின் தாலிக்காகவாவது கண் அசராமல் இருப்பான் என்ற கணக்கு. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பது மலைக்கு மட்டும் சொன்னதில்லை போலிருக்கிறது. எவ்வளவு அடி, எவ்வளவு நேரம், கயிறு யார் கையில் என்ற மூன்றும் முடிவாகாமல் அவர்கள் இறங்கவில்லை. நாமோ அன்று காலை படகில் கைகுலுக்கிய ஆளோடு, அவர் நிமிடத்துக்கு எவ்வளவு மூச்சு விடுவார் என்றுகூடக் கேட்காமல் 30 மீட்டருக்கு இறங்குகிறோம்.

வாக்குவாதம்

இந்த நோட்டை, எனக்கு டைவிங் சொல்லிக்கொடுத்த பாண்டிச்சேரி இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டினேன். அனுபவசாலி, எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார். "ரெண்டு பேரும் நிமிஷத்துக்கு 30 லிட்டரா? ரொம்பப் பயந்தாங்கொள்ளிக் கணக்கும்மா" என்றார். நான் கையில் இருந்த தடத்தின் கதையைச் சொன்னேன். 120-லிருந்து 30-க்கு வந்ததையும் சொன்னேன். அதுவும் 28 மீட்டர்தான், 30 கூட இல்லை. கணக்கும் நடந்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, வேறு வாதத்துக்குப் போனார். கைடிடம் எப்போதும் காற்று இருக்கும் என்றார். இருக்கும், ஆனால் என் விஷயத்தில் கைடு பாறையின் மறுபக்கம் இருந்தான். 100 பாரில் எல்லாரையும் கிளப்பினால் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்றார். இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது உண்மை. காசு கொடுத்து வருகிறவர் நிமிடங்களை எண்ணுகிறார், லிட்டர்களை எண்ணுவதில்லை.

ஆனால் அவர் சொன்ன ஒன்று என் கணக்கைத் திருத்தியது. "நூறு வந்தா மேல வரணும்னு ஏன் நினைக்கிற? நூறு வந்தா 30-ஐ விட்டு வா, அவ்வளவுதானே. 18-க்கு வந்தா உன் கணக்குப்படியே 65 போதும்ல? 12-க்கு வந்தா 50." சரிதான். ஆழமான இடத்தில் டைவைத் தொடங்கி, 100-இல் ஆழத்தை விட்டு, பாறைச் சரிவிலேயே மெல்ல ஏறிக்கொண்டு, 18-இல் கொஞ்சம், 12-இல் கொஞ்சம் என்று முடித்தால் யாருடைய நிமிடமும் குறையாது. மிச்சக் காற்றும் எந்த ஆழத்திலும் இரண்டு பேருக்குப் போதும். நான் ஒரே எண்ணுக்குப் பதில் இன்னொரு ஒரே எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் படிக்கட்டாக மாற்றிக் கொடுத்தார். இது நடக்க, மேலே வரும் வழியில் பாறை இருக்க வேண்டும், வெட்டவெளியில் 30 மீட்டரில் மட்டுமே நிற்கிற இடங்களில் இது நடக்காது என்று அவரே சொன்னார். அப்படிப்பட்ட இடத்தில் 100 என்றால் 100-தான்.

இப்போது புது ஜோடி கிடைத்தால் முதலில் அவருடைய எண்ணைக் கேட்கிறேன். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. 10 மீட்டரில் பத்து நிமிடம் சாதாரணமாக நீந்திவிட்டு எத்தனை பார் போனது என்று பார்க்க வேண்டும். 27 பார் என்றால் 300 லிட்டர். பத்து நிமிடத்தால் வகுத்து, அழுத்தம் இரட்டை என்பதால் இன்னும் இரண்டால் வகுத்தால் 15. அவருக்கு 25 வந்தாலும் எனக்குக் கவலையில்லை. 25 என்று தெரிந்த ஆளோடு திட்டம் போடலாம். எவ்வளவு என்று தெரியாத, ஆனால் ரொம்பக் குறைவு என்று மார்தட்டுகிற ஆளோடுதான் போட முடியாது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு உடனடிக் காரணம் மட்டக்களப்பு. சென்னை நண்பர்கள் சிலர் சீசனில் அங்கே போகலாம் என்கிறார்கள், ஹெர்மிஸைப் பார்த்தே ஆக வேண்டுமாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், 307 பேரோடு போனது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவர்களுக்கு எல்லை 40. அதை விடுங்கள், காற்றை மட்டும் பார்ப்போம். 45 மீட்டரில் நிற்கும் இரண்டு பேரைக் கட்டாய நிறுத்தம் எதையும் சேர்க்காமல் மேலே கொண்டுவரவே என் கணக்குப்படி 144 பார் ஒதுக்க வேண்டும். மீதி 56 பாரில், மூச்சு குறைவான எனக்கே ஏழரை நிமிடம், அதில் இறங்குவதற்கே இரண்டு மூன்று போய்விடும். இரட்டைச் சிலிண்டரும் அதற்குரிய பயிற்சியும் இருப்பவர்களுக்கான இடம் அது. எங்களில் யாருக்கும் அது இல்லை. அதே நாளில் அதே விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 24 மீட்டரில் கிடக்கிறது. அதற்குப் போகலாம், வழியில் பாறைச் சரிவு கிடையாது என்பதால் 80 பாரில் ஆழத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும், யாருக்கு முதலில் 80 வருகிறதோ அவரோடு அவர் ஜோடியும் கிளம்ப வேண்டும், யார் யாரோடு என்பதை இங்கேயே முடிவு செய்துவிடலாம், எல்லாரும் அவரவர் எண்ணைச் சொல்லுங்கள் என்று வாட்ஸப்பில் எழுதிப்போட்டேன். மூன்று பேர் எண்ணை அனுப்பினார்கள். ஒருவர் ஹெர்மிஸ் இல்லாமல் மட்டக்களப்பா என்று கேட்டுவிட்டு விலகிவிட்டார். இன்னொருவர், குழுவிலேயே வேகமாகக் காற்றைத் தீர்ப்பவர், "50 வரைக்கும் இருக்கலாமே, எதுக்கு வீணா 30 பார்?" என்று எழுதியிருக்கிறார். அவருக்கு யாரை ஜோடியாகப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. என்னைத்தான் போடச் சொல்கிறார்கள்.